விண்மீன் சிதைவும் சங்காரக் கொள்கையும்

தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் முத்தொழிலும் உடையது உலகம் என்பதும், அம்மூன்றனுள் ஒடுக்கத்தைச் செய்யும் முதல்வனே ஏனை இரண்டற்கும் உரியன் என்பதும், மெய்கண்ட தேவர் சிவஞானபோத முதற் சூத்திரத்தில் நிறுவிய பொருள்களாம். பன்னிரண்டு சூத்திரங்களானும் எழுந்த சித்தாந்தப் பெருமாளிகைக்கு இஃது அடிநிலைக்கல். அக்கல் அசையுமாயின் மேனிலை மாடங்கள் நில்லா. ஆதலின் இதனைப் பற்றி எழும் ஐயம் யாதாயினும், அது பழைய சமயவாதிகள் வாயிலாக வரினும் இக்காலத்து விண்ணூலார் வாயிலாக வரினும், சித்தாந்த மாணாக்கர் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

திருமயிலையில் நிகழ்ந்த சிவஞானபோத வகுப்பொன்றில் இளைஞர் ஒருவர் எம்மை வினாவியது இது: “பெருநிறைக் கருந்துளைகள் விண்மீன்களைக் கிழித்து உட்கொள்ளுகின்றன என விண்ணூலார் கண்டு கூறுகின்றனர். அக்கருந்துளையே நம் நூல்கள் கூறும் சங்காரக் கடவுள் என மேடைகளிற் சிலர் பேசுகின்றனர். வேறு சிலரோ, விண்மீன் இயற்கையானே சிதையுமாயின் சங்கார கருத்தா எற்றுக்கு என்கின்றனர். யாது கொள்ளத்தக்கது?”

இவ்விரு கூற்றும் ஒன்றுக்கொன்று மாறாகத் தோன்றினும், பிழை இரண்டற்கும் ஒன்றே. காரணத்தின் வகை தெரியாமையே அப்பிழை. அதனை விளக்குதற்கு முன், விண்ணூலார் கூறுவது யாதென உள்ளவாறு அறிதல் வேண்டும். பிறர் கோளைத் திரித்துக் கூறி மறுத்தல் நம் ஆசிரியர் மரபன்று. அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்துள் ஒவ்வொரு மதத்தையும் அவ்வம் மதத்தார் கூறுமாற்றானே முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுத்தார். அந்நெறியே ஈண்டும் பற்றுவோமாக.

மாசிமகத்தன்று கபாலீசர் கடலாடற்கு எழுந்தருளுங்கால், மயிலைக் கரையில் ஓதம் பெருகுதலைக் கண்டிருப்பீர். நிறைமதி நாளில் திங்களின் ஈர்ப்பும் ஞாயிற்றின் ஈர்ப்பும் ஒருவழிப்படுதலின் ஓதம் மிகும். நிலவுலகத்தில் திங்களை நோக்கிய பக்கம் அணிமைக்கண் உள்ளது. அதற்கு எதிர்ப்பக்கம் சேய்மைக்கண் உள்ளது. அணிய பக்கம் மிகுதியாகவும் சேய பக்கம் குறைவாகவும் ஈர்க்கப்படுகின்றன. ஈர்ப்பினால் மட்டும் அன்றி, ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வினாலேயே ஓதம் உண்டாகின்றது என்பது கருத்து. ஈர்க்கும் பொருளின் நிறை பெரிதாயும் இடைவெளி சிறிதாயும் ஆக ஆக, இவ்வேற்றத்தாழ்வு மிகுந்து செல்லும்.

இனி, விண்மீன் என்பது தன் ஈர்ப்பினாலேயே தன்னைக் கட்டி நிறுத்தும் அனற்பிழம்பு. அது கருந்துளையை நெருங்குங்கால், அணிய பக்கத்திற்கும் சேய பக்கத்திற்கும் உள்ள ஈர்ப்பு வேற்றுமை, அதனைக் கட்டி நிற்கும் ஈர்ப்பினும் மிகுமாயின், விண்மீன் கட்டவிழ்ந்து நீண்ட இழையாகக் கிழிந்தோடும். நம் ஞாயிற்றைப் போல் 10 இலட்சம் மடங்கு நிறையுடைய கருந்துளையின் எல்லை, அதன் நடுவினின்று ஏறத்தாழ 30 இலட்சம் கிலோமீட்டர். அவ்வெல்லையைக் கடந்த ஒளியும் மீளாது. ஆயின் ஞாயிறு போன்றதொரு விண்மீன் அவ்வெல்லையை எய்துமுன்னரே, ஏறத்தாழ 7 கோடிக் கிலோமீட்டர்த் தொலைவிலேயே கிழிந்துவிடும். புதன் நம் ஞாயிற்றினின்று நிற்கும் தொலைவினும் அது சிறிது மிக்கது. கருந்துளையின் நிறை ஞாயிற்று நிறையில் ஏறத்தாழ 10 கோடி மடங்கிற்கு மேற்படின், அத்தகைய விண்மீன் எல்லையைக் கடந்த பின்னரே சிதையும். ஆதலின் புறத்தார்க்கு யாதும் புலனாகாது.

கிழிந்த பொருளில் ஏறத்தாழ ஒரு பாதி விண்வெளியிற் சிதறி நீங்கும். மறுபாதி மீண்டு வந்து கருந்துளையைச் சூழ்ந்து சுழன்று, தம்முள் மோதி வெப்பமுற்று, வட்டமாய்ப் பேரொளி வீசும். அவ்வொளி திங்கள் பலவாகவோ ஆண்டு சிலவாகவோ தேய்ந்து மறையும். ஒரு விண்மீன் மண்டலத்தில் இந்நிகழ்ச்சி பதினாயிரம் ஆண்டிற்கோ இலட்சம் ஆண்டிற்கோ ஒருமுறை நேரும் என்பர். 1970-ஆம் ஆண்டுகளிற் கணிதத்தாற் கருதப்பட்டு, 1988-இல் மார்ட்டின் ரீசு என்னும் ஆங்கில நாட்டு அறிஞரால் விரித்துரைக்கப்பட்ட இது, பின்னர்த் தொலைநோக்கிகளாற் காணப்பட்டது.

நம் நாட்டாரும் இக்காட்சியிற் பங்குகொண்டனர். 2022 பிப்ரவரி 11-இல் அமெரிக்க நாட்டுப் பாலோமர் மலையிற் காணப்பட்ட புத்தொளியொன்று ‘ஏடி 2022 சிஎம்சி’ எனப் பெயர் பெற்றது. லடாக்கு நாட்டு ஹான்லேயில், கடல் மட்டத்திற்கு 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள நம் விண்ணறி நிலையத்துத் தொலைநோக்கியும், பூனாவிற்கு அணித்தாய மாபெரும் வானொலித் தொலைநோக்கியும் அதனைத் தொடர்ந்து நோக்கின. கிழிந்த விண்மீனின் பொருளாற் கருந்துளையினின்று எழுந்த தாரை நம்மை நோக்கி வந்தமையானே அது புலனாயிற்று. அவ்வொளி நம்மை எய்த 850 கோடி ஆண்டு சென்றது. நம் ஞாயிறும் நிலவுலகும் தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டே ஆயின. எனவே நம் ஞாயிறு பிறவாமுன் இறந்த விண்மீனின் இறுதியை நம் தலைமுறையினர் கண்டனர்.

2015 செப்டம்பர் 28-இல் நம் நாட்டார் விண்ணிற் செலுத்திய ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்கலமும் ஒன்று கண்டது. ஏறத்தாழ 21 கோடி ஒளியாண்டிற்கு அப்பால், 2019-இல் ஒரு விண்மீன் சிதைந்தது காணப்பட்டது. அதன் எஞ்சிய வட்டத்தினின்று ஏறத்தாழ 48 மணிக்கு ஒருமுறை எக்ஸ்கதிர் வெடித்தெழுதல் பின்னர் அறியப்பட்டது. மற்றொரு விண்மீனோ சிறு கருந்துளையோ அவ்வட்டத்தை மீண்டும் மீண்டும் ஊடறுத்துச் செல்கின்றது என அதற்குக் காரணம் கூறினர். பிற நாட்டுக் கலங்களோடு ஆஸ்ட்ரோசாட்டும் கண்ட இச்செய்தி 2024 அக்டோபரில் வெளிவந்தது. அப்பிற நாட்டுக் கலங்களுள் ஒன்று ‘சந்திரா’ எனப்படும். அப்பெயர் நம் மயிலையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறித்தது. 1910-இல் லாகூரிற் பிறந்து, மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர், 1930-இல் தம் பத்தொன்பதாம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே, ஒடுங்கிய விண்மீன் தாங்கத்தக்க நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். அவ்வெல்லை ஞாயிற்று நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்படின் விண்மீன் மேலும் ஒடுங்கும் என்பது போந்தது. 1935 ஜனவரி 11-இல் இலண்டன் அவையில் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதனை எள்ளி மறுத்தார். உண்மையோ மறுப்பினால் அழிந்திலது. 1983-இல் நோபெல் பரிசு சந்திரசேகரை அடைந்தது. அவர் தம்மைக் கடவுட் கொள்கையர் எனக் கூறிக்கொண்டவர் அல்லர். அது பற்றி அவர் கணிதம் நமக்குப் புறமாவதுமில்லை. அவர் கணிதம் பற்றி அவரை நம் சமயத்தாராக்கிக் கொள்ளுதலும் நேர்மையன்று.

விண்ணூலார் கூறுவது இத்துணையே. இனிச் சித்தாந்தத்தால் ஆராய்வாம்.

முதலாவது அளவை. காட்சி ஒன்றே அளவை. கண்டதே உண்டு, காணாதது இல்லை என்பர் உலோகாயதர். கருந்துளையோ ஒளி விடாமையின் தானே காணப்படுவதன்று. நம் பால்வழி மண்டலத்தின் நடுவில், ஏறத்தாழ 43 இலட்சம் ஞாயிற்று நிறையுடைய ஒரு பொருள் உண்டென்பது, அதனைச் சுற்றும் விண்மீன்களின் இயக்கங் கொண்டே கருதப்பட்டது. அவ்வாராய்ச்சிக்கு 2020-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 2022 மே 12-இல் வெளிவந்த அதன் படமும், சூழ்ந்த ஒளியின் நடுவே தோன்றிய நிழலின் படமே. புகையால் நெருப்பு உய்த்துணரப்படுமாறு போல, விண்மீனின் சிதைவால் அதனைச் சிதைத்தது உய்த்துணரப்படுகின்றது. ஆகவே கருதலளவையை விலக்கி விண்ணூல் ஓரடியும் நடவாது என்க. இதனால் முதல்வன் உண்மை நிறுவப்பட்டதோ எனின், அன்று. காணாமையொன்றே பற்றி ஒரு பொருளை இல்லையெனல் கூடாதென்பது மாத்திரமே நிறுவப்பட்டது. பெற்றதற்கு மேலாகப் பெற்றதாகக் கூறுதல் வாதநெறியன்று.

இரண்டாவது உலகின் நிலையாமை. உலகின் உறுப்புக்கள் தோன்றி அழியினும் தொகுதியாகிய உலகம் என்றும் உள்ளதே என்பர் மீமாஞ்சகர். உறுப்புக்களையுடையது எதுவோ அது தோன்றி ஒடுங்குவது என்பது நம்மனோர் விடை. மேனாட்டாருள்ளும் நெடுங்காலம், நிலவுலகமே மாறுவது, விண்ணுலகம் மாறாதது என்னும் கொள்கை நிலவிற்று. 1792-இல் நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த விண்ணறி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றனைக் கண்டறிந்தார். விண்மீனும் மாறுவதென்பதற்கு நம் ஊரிலிருந்தே கிடைத்த சான்றுகளுள் அது ஒன்று. மாறுவதே அன்றி அழிவதும் உண்டென்பது இப்பொழுது கண்ணுக்குப் புலனாயிற்று. அழியாமைக்கு உவமையாகக் காட்டப்பட்ட பொருளே அழியக் கண்ட பின், தொகுதி மட்டும் அழியாதென்பார்க்குப் பற்றுக்கோடு யாது?

மூன்றாவது சற்காரியம். உள்ளது இல்லதாகாது, இல்லது தோன்றாது. அழிவென்பது காரியம் தன் காரணத்தில் நுண்ணிலையாய் ஒடுங்குதலே என்பது சித்தாந்தம். சிதைந்த விண்மீனின் பாதி விண்வெளியிற் பரந்து நின்றது. பாதி கருந்துளையின் நிறையிற் கூடிற்று. வடிவம் போயிற்று, பொருள் சூனியமாகவில்லை. ஆயின் இதனைக் கொண்டு, கருந்துளையே மாயை, அதனுட் புகுதலே மகாசங்காரம் எனக் கூறுவார் கூற்று ஏலாது. என்னை? மகாசங்காரமாவது நிலம் நீரிலும், நீர் தீயிலும், தீ வளியிலும், வளி வெளியிலும் ஆகத் தத்துவங்கள் தத்தம் காரணத்தில் முறையே ஒடுங்கி, முடிவில் மாயையில் அடங்குதல். கருந்துளையோ ஓரிடத்து உள்ளது, ஒரு காலத்துத் தோன்றியது, எண்ணிறந்தனவாய் உள்ளது, தானும் காலத்துக்கும் வெளிக்கும் உட்பட்டது. காலமும் தத்துவமாய் மாயையிற் பிறந்த காரியமே ஆகலின், காலத்துட்பட்டதொன்று காலத்தின் காரணமாதல் யாங்ஙனம்? பால்வழி மண்டலத்தின் நடுவிடம் மூல நாளுக்கு அணித்தாய திசையில் உள்ளமை பற்றி, மூலம் என்னும் பெயரே உலகின் மூலத்தை முன்னரே உணர்த்திற்று என மகிழ்வாரும் உளர். பெயரொப்புமை பற்றிப் பொருள் நாட்டுதல், மாலையிற் பாம்பு காண்டல் போல்வது.

நான்காவது கருத்தா. ஈண்டே அவ்விளைஞர் வினாவின் உயிர்நிலை உள்ளது. குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன். உலகிற்கு மாயை முதற்காரணம். முதல்வனது சத்தி துணைக்காரணம். முதல்வன் நிமித்த காரணன். கருந்துளையைச் சங்காரக் கடவுள் என்பார், மண்ணைக் குயவன் என்றாராவர். கருந்துளையும் மாயையின் காரியமே ஆகலின். இயற்கையே சிதைத்தது, கருத்தா வேண்டா என்பார், திகிரி சுழல்வது கண்டு குயவன் இல்லை என்றாராவர். ஈர்ப்பும் ஓதமும் சடத்தின் இயல்புகள். சடம் தானறிந்து ஒன்றனைச் செய்யாது. செய்தபின் செய்தேன் என்றும் அறியாது. உலகு முழுதும் ஒடுங்கியபொழுது, ஒடுங்கிய உயிர்களும் தாமே எழமாட்டா. சடமும் தானே எழாது. ஒடுங்காது நின்றவன் ஒருவனே மீள எழுப்பவல்லான். ஒடுக்கியவனே ஆக்குபவன் என ஆசிரியர் துணிந்தது இதனாலன்றோ? மயிலை இறைவற்குக் கபாலி என்னும் திருப்பெயர், பிரமனது தலையோட்டை ஏந்தினமை பற்றி வந்தது. படைப்போனும் ஒடுங்க, ஒடுங்காது நின்றானொருவன் உளன் என்பதே அத்திருப்பெயர் நாடோறும் நம் செவியில் ஓதும் உண்மை. அவனைத் தொலைநோக்கி காட்டுமோ எனின், காட்டாது. காட்டுதல் அதன் தொழிலுமன்று. கருவிக்கு எட்டுவது சடமே. சிவம் எட்டுவது திருவருளால்.

கருந்துளையை ஆணவமலத்திற்கு உவமை கூறுவாரும் உளர். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும் என்றும், மலவிருள் தன்னையும் காட்டாது என்றும் வேறுபடுத்தினார். தன்னைக் காட்டாது செயலால் மாத்திரம் அறியப்படுதலின் கருந்துளை, புறவிருளினும் ஆணவத்திற்கு அணிய உவமையாம். ஆயினும் ஒருபுடை உவமையே. கருந்துளை பலவாய், இடைக்காலத்துத் தோன்றியதாய், சடத்தை மாத்திரம் பற்றுவது. ஆணவம் ஒன்றாய், அநாதியாய், அறிவுடைய உயிரைப் பற்றி அவ்வறிவையே மறைப்பது. 850 கோடி ஒளியாண்டிற்கு அப்பால் நிகழ்ந்ததைக் காணும் மாந்தன், தன் உள்ளத்தே தன்னோடு இரண்டறக் கலந்துள்ள மறைப்பைக் காணமாட்டாமை அதன் வலிமைக்குச் சான்று.

ஐந்தாவது அருள். “ஒளி கொடுத்து நின்ற விண்மீன் பிழையொன்றும் செய்யாதே கிழியுமாயின், அருள் எங்கே?” என்பது வினாவின் இறுதியில் மறைந்து நின்ற வினா. விண்மீன் சடம், அதற்கு வினையில்லை, நோவுமில்லை. தனு கரண புவன போகங்கள் யாவும் உயிர்களின் பொருட்டே. வினவியவர் உள்ளத்தை வருத்தியது விண்மீனன்று. தம்மவர் உடல் கண்முன் அழியும்பொழுது ஒவ்வொருவரும் வினாவுவதே, உயரமான இடத்தில் வைத்து வினாவப்பட்டது. அதற்கு விடை சொல்லாது செல்லும் சித்தாந்தம் ஏட்டளவினதே யாகும்.

விடை மயிலையிலேயே உள்ளது. சிவநேசர் தம் அருமை மகளாகிய பூம்பாவை அரவந் தீண்டி இறந்தபின், சாம்பரையும் என்பையும் குடத்திலிட்டு வைத்திருந்தார் என்பது பெரியபுராண வரலாறு. திருஞானசம்பந்தப் பெருமான் திருவாய் மலர்ந்தருள, அவள் எழுந்தாள். இதனைச் சற்காரியத்தின் துணைகொண்டு நோக்குக. குடத்தில் உடலின் முதற்காரணம் எஞ்சியிருந்தது. ஆயினும் அது எத்துணைக் காலம் இருந்தும் தானே எழவில்லை. திருவருள் வாக்கு வந்தபின்னரே எழுந்தது. அன்றியும், பூம்பாவையாகிய உயிர் அக்குடத்துச் சாம்பரில் இருந்ததுமன்று, சாம்பரோடு அழிந்ததுமன்று. தந்தை காத்தது என்பை. முதல்வன் காத்தது உயிரை. காப்பார் இருவராயினும், காவல் உண்மையாயது ஒருவர்பாலே.

ஒடுக்கமும் அவ்வாறே காவலின்பாற்படும். பிறவிதோறும் வினை நுகர்ந்து இளைத்த உயிர்க்கு அவ்விளைப்பு ஒழித்தலே அழித்தலின் பயன் என்பர் நம் ஆசிரியர். நெடுவழி நடந்த சிறுவன் இன்னும் நடப்பேன் எனப் பிடிவாதஞ் செய்தும், தாய் விளக்கை அவித்து உறங்க வைப்பாள். இருளைக் கண்டு அவன் அழுவான். விளக்கை அவித்த கை தாயின் கை என்று அறியும்வரை அவன் அழுகை ஓயாது. அழிவில் அருளைக் காண்டல் என்பது, அழிவை இன்பமெனப் பொய்யாகக் கூறுதலன்று. அழித்த கை எவருடையதென அறிதல்.

இத்துணையும் கூறியதன் பயன் இரண்டு. மேடையிற் பேசுவார், புதிய விண்ணூற் செய்தி வருந்தோறும் அது நம் நூலில் முன்னரே உளது எனக் கூறி மகிழ்தலை ஒழிதல் வேண்டும். விண்ணூல் நாளை மாறுமாயின், அதனோடு கட்டிய நம் சாத்திரமும் மாறிற்றென்பர் பிறர். மடங்களிற் பயிலும் மாணாக்கரோ, விண்ணூலை அஞ்சி விலகுதலை ஒழிந்து, மாபாடியத்தோடு அதனையும் ஓதியுணர்தல் வேண்டும். முதற்காரணமாகிய மாயையின் விரிவை எத்துணை நுணுகி அறியினும், அவ்வறிவு முதல்வன் ஆணையின் விரிவையே அறிந்ததாகும்.

விண்மீன் கிழிந்ததைக் கண்டு வியந்த கண், நாளை தானும் மூடும். அதற்குள், ஒடுங்காது நிற்கும் அவனை உள்ளத்தே வைத்து ஐந்தெழுத்தை ஓதுதலே நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.